இடுப்பு மூட்டில் உலோகத்தோடு உலோகம்: நல்ல ஆரம்பம் ஏன் போதவில்லை?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றாலே வாட்ஸப்பில் ஒரு பயமுறுத்தல் வந்து சேரும். "உள்ளே வைக்கிற மெட்டல் ரத்தத்தில் கரைந்து விஷமாகுமாம்." இன்னொரு கட்சி, "அதெல்லாம் சும்மா, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நன்றாகத்தான் நடக்கிறார்கள்" என்கிறது. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் முதல் கட்சி ஒரே ஒரு வகை செயற்கை மூட்டில் நடந்ததை எல்லா மூட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாம் கட்சி, அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில ஆண்டுகளின் கணக்கை ஆயுள் முழுவதற்கும் நீட்டிக்கொள்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இன்று பொருத்தப்படும் செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் உலோகம் இருக்கிறது. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு டைட்டானியமாகவோ, கோபால்ட்-குரோமியக் கலவையாகவோ, எஃகாகவோ இருக்கும். அது சர்ச்சைக்குள்ளானது அல்ல. ஒன்றோடொன்று உரசும் இரண்டு பரப்புகளுமே உலோகமாக இருந்த மூட்டுகள்தான் பிரச்சினையானவை. அவை 2000களில் பெரிய நம்பிக்கையோடு பரவின, 2010க்குப் பிறகு வேகமாகக் காணாமல் போயின. அவற்றின் ஆரம்ப முடிவுகள் அருமையாக இருந்தன என்பது பொய்யல்ல. பிறகு எப்படிக் கவிழ்ந்தது என்று பார்ப்போம்.

மூட்டும் ஆட்டுக்கல்லும்

இடுப்பு மூட்டைப் புரிந்துகொள்ள ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் போதும். நடுவில் ஒரு குழி, அதில் உட்கார்ந்து சுழலும் குழவி. இடுப்பெலும்பிலும் அப்படியே ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டை அதற்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகிறது. ஒரே வித்தியாசம், ஆட்டுக்கல் அரைப்பதற்காகச் செய்தது. மூட்டு ஒரு துளிகூட அரைக்கக் கூடாது.

அரைபடாமல் இருக்க உடம்பு இரண்டு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. குழியிலும் உருண்டையிலும் வழவழப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. இடையில் பசைபோன்ற மூட்டுத் திரவம் ஊறுகிறது. குருத்தெலும்பு தேய்ந்துபோனால் எலும்பும் எலும்பும் நேராக உரசும். படியேறவும் செருப்பு மாட்டவும் முடியாமல் வலிக்கும். மருந்துக்கும் உடற்பயிற்சிக்கும் கட்டுப்படாத நிலையில், உருண்டையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்டோடு கூடிய புதிய உருண்டையையும், குழிக்குள் ஒரு புதிய கிண்ணத்தையும் பொருத்துகிறார்கள்.

அப்படிப் பொருத்தும்போது உருண்டையை எதில் செய்வது, கிண்ணத்தை எதில் செய்வது? கடந்த எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக எலும்பு மருத்துவர்கள் இதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் கிண்ணம்

இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. சின்ன உலோக உருண்டை, பிளாஸ்டிக் கிண்ணம் என்பது அவர் யோசனை. 1950களின் கடைசியில் கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான், அதாவது தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள். வழுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. நோயாளிகள் வலியில்லாமல் எழுந்து நடந்தார்கள். ஆரம்ப முடிவு பிரமாதம்!

சில ஆண்டுகளுக்குள் எல்லாம் தலைகீழானது. டெஃப்லான் வேகமாகத் தேய்ந்தது. தேய்ந்த துகள் சுற்றியுள்ள திசுவை வீங்க வைத்தது. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்திய மூட்டுகளைத் திரும்பத் திறக்க வேண்டிய நிலை வந்தது. சார்ன்லி என்ன செய்தார் தெரியுமா? டெஃப்லானையும் அடுத்ததாகப் பரிசீலித்த பாலிஎதிலீனையும் தன் சொந்தத் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். டெஃப்லான் வைத்த இடம் கட்டியாக வீங்கியது. பாலிஎதிலீன் வைத்த இடம் அமைதியாக இருந்தது. 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்தோடு முதல் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அமைப்பு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

பாலிஎதிலீனும் தேயாமல் இல்லை. பழைய வகை ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். அந்தத் துகளை உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கிய அணுக்கள் வெளிவிடும் வேதிப்பொருள்களால் பக்கத்து எலும்பு கரையும், மூட்டு தளரும். எழுபது வயதுக்காரருக்கு இது பெரிய கவலை இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஓடியாடி வேலை பார்க்கிற ஒருவருக்கு, ஆயுளில் இரண்டு மூன்று முறை மூட்டைத் திறக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

இந்த இளைய நோயாளிகளுக்காகத்தான் மருத்துவர்கள் மறுபடியும் உலோகக் கிண்ணத்தின் பக்கம் திரும்பினார்கள்.

உலோகத்தின் இரண்டாம் வருகை

மறுபடியும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1938இலேயே லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் எஃகு உருண்டை, எஃகுக் கிண்ணம் வைத்து ஆறு பேருக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். 1950, 60களில் நாரிச் நகரத்தின் ஜார்ஜ் மெக்கீ கோபால்ட்-குரோமியத்தில் ஒன்றை உருவாக்கினார். சார்ன்லியின் பிளாஸ்டிக் நன்றாக ஓடவே, 1970களில் இவை ஓரங்கட்டப்பட்டன. ஆனால் மெக்கீயின் மூட்டுகளில் சில இருபது ஆண்டுக்கு மேல் கிட்டத்தட்ட தேயாமலே இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் கவனித்தார்கள். நல்ல துல்லியத்தோடு செய்தால் உலோகம் நிற்கும் என்ற எண்ணம் அப்படித்தான் துளிர்த்தது. நிலைத்து நின்ற சிலவற்றை மட்டும் பார்த்து மொத்தத்தையும் எடைபோடுவதில் ஆபத்து உண்டு. அது அப்போது பெரிதாகப் படவில்லை.

1990களில் பர்மிங்காமின் டெரெக் மெக்மின் ஒரு மாற்று வழியைப் பிரபலப்படுத்தினார். உருண்டையை வெட்டி எறியாமல், சீவிச் சரிசெய்து அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டுவது. குழிக்குள் மெல்லிய உலோகக் கிண்ணம் வைப்பது. இதை மேலுறை முறை என்று சொல்லலாம். எலும்பு மிச்சமாகும், பின்னாளில் வேறு மூட்டு தேவைப்பட்டால் தொடை எலும்பு பத்திரமாக இருக்கும். அவருடைய பர்மிங்காம் மேலுறை மூட்டு 1997இல் புழக்கத்துக்கு வந்தது.

இதைப் பார்த்து, தண்டோடு கூடிய வழக்கமான மூட்டிலும் பெரிய உலோக உருண்டை, உலோகக் கிண்ணம் வைக்கத் தொடங்கினார்கள். சார்ன்லியின் உருண்டை 22 மில்லிமீட்டர் சொச்சம். புதியவை 40, 50 மில்லிமீட்டர். பெரிய உருண்டை குழியைவிட்டு எளிதில் நழுவாது. அதோடு, கணக்குப்படி பெரிய உருண்டை சுழலும்போது மூட்டுத் திரவம் இடையில் மெல்லிய படலமாக நிற்கும். உலோகமும் உலோகமும் தொடவே தொடாது. இது ஏட்டில் அழகாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மூட்டுகளைச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரங்களும் ஆமாம் என்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து எலும்பைக் கரைத்தது. அதிலிருந்து இளையவர்களைக் காப்பாற்றத்தான் உலோகத்தோடு உலோகம் வந்தது. அதில் இரண்டு வகை: எலும்பை மிச்சப்படுத்தும் மேலுறை, தண்டோடு கூடிய பெரிய உருண்டை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னால் அவற்றின் தலைவிதி வெவ்வேறாக அமைந்தது.

"ஆரம்ப முடிவு" எதை அளக்கிறது?

ஆய்வுக் கட்டுரைகளில் ஆரம்ப முடிவு என்றால் பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரையிலான கணக்கு. அதில் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள்.

ஒன்று, நோயாளியின் நிலை. வலி எப்படி, படியேற முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. 12 கேள்விகள், முழு மதிப்பெண் 48.

இன்னொன்று, மறு அறுவை சிகிச்சை. பொருத்திய மூட்டை எக்காரணத்துக்காகவாவது திரும்பத் திறந்து கழற்றினார்களா, மாற்றினார்களா என்ற கணக்கு. மூட்டு "5 ஆண்டில் 98 சதவீதம் நிலைத்தது" என்று போட்டால், அந்தக் காலத்துக்குள் மீதி 2 சதவீதத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: திறக்காத எல்லாமே வெற்றிக் கணக்கில்தான் சேரும். உள்ளே திசு அழுகத் தொடங்கியிருந்தாலும், நோயாளி வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்தாலும், கத்தி வைக்காதவரை அது "நிலைத்த" மூட்டு. இன்னொன்றும் இருக்கிறது. 5 ஆண்டுக் கணக்கு என்றால் எல்லாரையும் 5 ஆண்டு பார்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை முடிந்தே இரண்டு ஆண்டுதான் ஆகியிருக்கும்; கிடைத்த விவரத்தை வைத்துக் கணித்துச் சொல்வார்கள்.

சரி, உலோக மூட்டுகளின் ஆரம்ப மதிப்பெண் என்ன? 2004இல் மெக்மின் குழு வெளியிட்ட ஆய்வில், 55 வயதுக்குட்பட்ட நோயாளிகளின் 440 மேலுறை மூட்டுகளில் மறு அறுவை சிகிச்சை ஒன்றே ஒன்று. சராசரிக் கண்காணிப்பு மூன்று ஆண்டும் கொஞ்சமும். அவர்களில் பலர் உடலுழைப்பு வேலைக்கும் விளையாட்டுக்கும் திரும்பியிருந்தார்கள். பாலிஎதிலீன் வைத்த அதே வயதுக்காரர்களின் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இது அசத்தல்தான். அமெரிக்காவில் இந்த மூட்டுக்கு 2006இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை பொறுக்க முடியாத அமெரிக்கர்கள் சிலர் இதற்காகவே விமானமேறிச் சென்னைக்கு வந்தார்கள். சென்னை மருத்துவச் சுற்றுலாவுக்குப் பேர்போனதில் இந்த மேலுறைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆரம்பத் தோல்விகள் இல்லாமலும் இல்லை. மேலுறை மாட்டிய உருண்டைக்குக் கீழே உள்ள எலும்பின் கழுத்துப் பகுதி சிலருக்கு முறிந்தது. ஆஸ்திரேலியாவில் 3,497 மேலுறை மூட்டுகளைப் பார்த்ததில் 50 முறிவு, அதாவது சுமார் 1.4 சதவீதம். சராசரியாகப் பதினைந்து வாரத்துக்குள் நடந்திருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெண்கள் விஷயத்தில் இந்த மூட்டு சரியில்லை என்ற முதல் மணி அங்கேயே அடித்தது என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது தோன்றுகிறது. அப்போது அதை எலும்பு பலவீனம் என்ற கணக்கில் எழுதி நகர்ந்துவிட்டார்கள்.

எலும்பு முறிவு, கிருமித் தொற்று, மூட்டு நழுவுதல், பொருத்தம் பிடிக்காமல் தளர்தல் ஆகியவற்றை ஆரம்பக் கணக்கு நன்றாகப் பிடிக்கும். இவை சீக்கிரம் நடப்பவை. மெதுவாகச் சேர்ந்து மெதுவாக அரிக்கும் எதையும் அது பிடிக்காது. உலோக மூட்டில் நடந்ததோ இந்த இரண்டாம் வகை.

துகள் செய்த வேலை

புது ஆட்டுக்கல் வாங்கினால் முதல் நாளே தோசைமாவு அரைக்க மாட்டோம். தவிடோ பழைய அரிசியோ போட்டு இரண்டு மூன்று ஈடு அரைத்து, கல்பொடியோடு சேர்த்துக் கொட்டிவிடுவோம். சொரசொரப்பு போய்ப் பழகிய பிறகு பொடி உதிர்வது மிகவும் குறைந்துவிடும். உலோக மூட்டும் இப்படித்தான். முதல் பத்து லட்சம் அசைவுகளில், அதாவது ஏறக்குறைய முதல் ஓராண்டு நடையில், அது தன்னைத்தானே பழக்கிக்கொள்ளும். அப்போது தேய்மானம் அதிகம். பிறகு ஆண்டுக்குச் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் குறையும். எடைபோட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால் ஆட்டுக்கல்லில் உதிரும் பொடியைக் கழுவி ஊற்றலாம். மூட்டை எப்படிக் கழுவுவது?

உதிர்வது எடையில் கொஞ்சம்தான் என்றாலும் எண்ணிக்கையில் கோடானுகோடி. ஒவ்வொரு துகளும் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்க வேண்டிய சிறுசு. பிளாஸ்டிக் துகளைவிடப் பல மடங்கு நுண்ணியது. சிறிதாகச் சிறிதாக மொத்தப் பரப்பு கூடும். பரப்பு கூடினால் உடல் திரவத்தில் அரிபட்டுக் கரைவதும் கூடும். அப்படிக் கரைந்து வரும் மின்னேற்றம் பெற்ற உலோக அணுக்களுக்கு அயனி என்று பெயர். கோபால்ட், குரோமியம் அயனிகள் ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அவற்றை வெளியே தள்ளும். அதனால்தான் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மூட்டு வேண்டாம் என்றார்கள். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும் என்பதால் பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் விஷயத்திலும் எச்சரிக்கை இருந்தது.

மூட்டைச் சுற்றி என்ன நடக்கிறது? துகளை விழுங்கும் பாதுகாப்பு அணுக்களுக்குள் கோபால்ட் அவற்றையே கொல்கிறது. செத்த அணுக்களைச் சுத்தம் செய்ய இன்னும் கொஞ்சம் அணுக்கள் வருகின்றன. சிலருக்கு இதோடு ஒவ்வாமை மாதிரியான ஓர் எதிர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. மெல்ல மெல்லத் திரவம் தேங்கி, திசு அழுகி, தசையும் தசைநாரும் சிதைகின்றன. ஸ்கேனில் கட்டிபோலத் தெரியும் இதற்குப் பொய்க்கட்டி என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோய்க் கட்டி இல்லை என்பதால் பொய். 2008இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று 17 நோயாளிகளின் 20 மூட்டுகளில் இதை விவரித்தது. பதினேழு பேரும் பெண்கள்.

இதில் மோசமான அம்சம், பலருக்கு ஆரம்பத்தில் வலியே இருக்காது. எக்ஸ்ரேயில் உலோகம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். தசை எக்ஸ்ரேயில் தெரியாது. மதிப்பெண் தாளில் 48க்கு 45 போட்டவர் உள்ளே தசையை இழந்துகொண்டிருக்கலாம். தாமதமாகத் திறந்தால் புது மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசையே இருக்காது.

எல்லாருக்கும் ஏன் நடக்கவில்லை?

பெரும்பாலானவர்களுக்கு நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குக் காரணம் பெரும்பாலும் கோணம்.

குழவி நேராக நின்றால் குழியின் வயிற்றில் உரசும். சாய்ந்துவிட்டால் விளிம்பில் உரசும், அந்த ஓரிடம் மட்டும் தேயும். செயற்கைக் கிண்ணத்தைச் சுமார் 40 முதல் 45 பாகை சாய்வில் பொருத்துவது வழக்கம். அது 55 பாகைபோலச் செங்குத்தாகிவிட்டால், நடக்கும்போது உடல் எடை முழுவதும் கிண்ணத்தின் உதட்டில் இறங்கும். அங்கே திரவப் படலம் நிற்காது. உலோகம் உலோகத்தைச் சுரண்டும். இதை விளிம்புச் சுமை என்பார்கள். ஆண்டுக்குச் சில மைக்ரான் என்ற கணக்கெல்லாம் அப்போது காற்றில் போய்விடும். பிளாஸ்டிக் கிண்ணம் இந்த மாதிரிப் பிசகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். உலோகம் பொறுக்காது.

பெண்களுக்கு ஏன் அதிகம் என்பதற்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. உருண்டை சிறிதாக இருந்தால் கிண்ணம் அதை மூடும் பரப்பும் குறைவு. சின்னச் சாய்வும் விளிம்புவரை கொண்டுபோய்விடும். பெண்களுக்கு இடுப்பெலும்பு சிறியது, உருண்டையும் சிறியது.

டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு மாட்டிக்கொண்டது இதில்தான். 2003இல் வந்த அதன் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. அசைவு தாராளமாக இருக்கட்டும் என்று அப்படி வடிவமைத்தார்கள். ஆழம் குறைந்தால் விளிம்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

தண்டோடு கூடிய வகைக்கு இன்னொரு தலைவலி. அதில் உருண்டையும் தண்டும் தனித்தனியாக வரும். தண்டின் கூம்பு நுனியில் உருண்டையைத் தட்டி இறுக்குவார்கள். உருண்டை பெரிதானால் இந்த இணைப்பின் மேல் முறுக்கு விசையும் கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் அது ஆடி ஆடி அரிக்கும். ஆக, பெரிய உருண்டை நழுவலைக் குறைத்தது, ஆனால் துகள் உதிரப் புதிதாக ஓர் இடத்தைத் திறந்துவிட்டது. மேலுறை முறையில் இந்த இணைப்பே கிடையாது. இரண்டு வகையின் விதி பிரிந்தது இந்த இடத்தில்தான்.

சுருக்கமாக: மூட்டு சரியாக உட்கார்ந்து, உருண்டை போதிய அளவில் இருந்து, கூம்பு இணைப்பும் இல்லாவிட்டால் உலோகம் நன்றாகவே நின்றது. மூன்றில் ஒன்று பிசகினாலும் துகள் பெருகியது. அப்படிப் பெருகியது வெளியே தெரிய நாளானது.

யார் கண்டுபிடித்தார்கள்?

தனித்தனி மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அடித்துச் சொன்னவை பதிவேடுகள். நாட்டில் எங்கே யார் மூட்டு மாற்றினாலும், எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, பிறகு திறந்தார்களா என்று எழுதிவைக்கும் தேசியக் கணக்கு அது. ஸ்வீடனில் 1979இல் தொடங்கியது, ஆஸ்திரேலியாவில் 1999இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இல்.

வடிவமைத்த மருத்துவர் தன் நோயாளிகளைத் தானே தேர்ந்தெடுத்து, தானே பொருத்தி, தானே வெளியிடும் முடிவு எப்போதும் அழகாக இருக்கும். ஏமாற்று என்று சொல்லவில்லை. அந்தக் கை ஆயிரம் தடவை பழகிய கை, கோணம் பிசகாது. அதே மூட்டை மாதம் இரண்டு செய்கிற சாதாரண மருத்துவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் நோயாளிக்கு வேண்டிய தகவல். பதிவேடு அதைச் சொல்கிறது.

ஆஸ்திரேலியப் பதிவேடு ஏஎஸ்ஆரை வழக்கத்துக்கு மீறித் தோற்கும் மூட்டு என்று அடையாளம் காட்டியது. 2009 டிசம்பரில் அங்கே விற்பனையிலிருந்து விலக்கினார்கள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேர் உடம்பில் அது ஏறியிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின்படி ஐந்தே ஆண்டில் மேலுறை வகையில் 12 சதவீதமும் தண்டு வகையில் 13 சதவீதமும் மறு அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தன. அந்நாட்டில் அப்போது ஒரு நல்ல மூட்டுக்கு வைத்திருந்த அளவுகோல் பத்து ஆண்டில் 10 சதவீதம். இந்தக் கலவரத்துக்குப் பிறகு, 2014இல், அதை 5 சதவீதமாக இறுக்கினார்கள்.

ஒரு நிறுவனத்தின் தப்பு என்று முடித்துவிடவும் முடியவில்லை. 2012இல் அதே பதிவேட்டின் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மூட்டுகளை அலசிய ஆய்வு ஒன்று வந்தது. தண்டு வகை உலோக மூட்டில் உருண்டை பெரிதாகப் பெரிதாகத் தோல்வி கூடுகிறது என்றது அது. அறுபது வயதுப் பெண்களுக்கு ஐந்து ஆண்டில், 46 மில்லிமீட்டர் உலோக உருண்டை வைத்தவர்களில் 6.1 சதவீதம் திறக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் கிண்ணமும் 28 மில்லிமீட்டர் உருண்டையும் வைத்தவர்களில் 1.6 சதவீதம். எதற்காகப் பெரிய உருண்டையைக் கொண்டுவந்தார்களோ அதுவே காலை வாரிவிட்டது.

இந்தியாவில் சுமார் 4,700 ஏஎஸ்ஆர் பொருத்தப்பட்டது. எல்லா அறுவை சிகிச்சையையும் கட்டாயமாகப் பதியும் ஏற்பாடு நம்மிடம் அப்போது இல்லை. 2017இல் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து விசாரித்தபோது, அந்த நோயாளிகளில் பெரும்பகுதியினர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2018 இறுதியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்ற கணக்கை அரசு ஏற்றது. தேடிக் கிடைக்காதவருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

ரத்தப் பரிசோதனையில் வரும் எண்

இந்த மூட்டு வைத்தவர்களுக்கு ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் ஓர் எல்லை சொன்னது: லிட்டருக்கு 7 மைக்ரோகிராம். இதைத் தாண்டினால் விஷம், தாண்டாவிட்டால் நலம் என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். அது அப்படியில்லை. 7ஐத் தாண்டினால் மூட்டு வழக்கத்துக்கு மேல் தேய்கிறதோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லும் எண் அது. 3 இருந்தும் பொய்க்கட்டி இருந்தவர்கள் உண்டு. 10 இருந்தும் ஒன்றுமில்லாதவர்களும் உண்டு.

உடம்பு முழுவதையும் கோபால்ட் தாக்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. காது மந்தம், பார்வைக் குறைவு, இதயத் தசை பலவீனம் எல்லாம் வந்திருக்கின்றன. மிகவும் அரிது, பெரும்பாலும் அளவு எக்கச்சக்கமாக ஏறியவர்களுக்கு. கோபால்ட் இதயத்தைக் கெடுக்கும் என்பது 1960களிலேயே தெரியும். கனடாவின் கியூபெக்கில் நுரை நிற்பதற்காக பீரில் கோபால்ட் உப்புச் சேர்த்து, நிறையக் குடித்தவர்கள் இதயம் பழுதாகி இறந்தார்கள். புற்றுநோய் பற்றிய பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிரிட்டன் பதிவேட்டை மருத்துவமனை ஆவணங்களோடு இணைத்து ஏழு ஆண்டுவரை பார்த்ததில் கூடுதல் புற்றுநோய் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது 2000 முதல் 2012 வரையிலான காலத்தில் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால், முதல் வேலை டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுப்பது. அறுவை சிகிச்சைக் குறிப்பில் மூட்டின் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய இரண்டு மூன்று ஸ்டிக்கர்கள் இருக்கும். உருண்டைக்கு ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நிறுவனம், மாதிரி, அளவு, தயாரிப்பு எண். கிண்ணத்துக்கான ஸ்டிக்கரில் பாலிஎதிலீன் என்றோ செராமிக் என்றோ இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன கவலை உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஸ்டிக்கர் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரேயை எலும்பு மருத்துவரிடம் காட்டினால் உலோகக் கிண்ணமா என்று சொல்லிவிடுவார். உலோகத்தோடு உலோகம்தான் என்றால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பரிசோதித்துக்கொள்வதுதான் முறை.

இப்போது எங்கே நிற்கிறது?

பெரிய உருண்டை உலோகத் தண்டு வகை ஏறக்குறைய ஒழிந்தது. மேலுறை ஒழியவில்லை, சுருங்கியது. பர்மிங்காம் மூட்டைப் பெண்களுக்கும் சிறிய அளவுகளிலும் பயன்படுத்த வேண்டாம் என்று 2015இல் அதன் தயாரிப்பாளரே விலக்கிக்கொண்டார். பெரிய எலும்புள்ள, நல்ல உடல்நிலையுள்ள, நடுவயது ஆண்களுக்கு, அதிலேயே ஊறிய மருத்துவர் கையில், அது இன்னும் நடக்கிறது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே 2019 ஜனவரியில் மேலுறை வைத்துக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் கோப்பை வென்றார். அவர் உதாரணத்தைக் காட்டித் தனக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. அறுபது வயதுப் பெண் கேட்டால் மருத்துவர் மறுத்துவிடுவார், மறுப்பதே சரி.

மற்ற எல்லாருக்கும் பிளாஸ்டிக்கே ஜெயித்தது. கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கிய புதுவகைப் பாலிஎதிலீன், பழையதில் ஒரு சிறு பங்கே தேய்கிறது. அதோடு செராமிக் உருண்டையோ உலோக உருண்டையோ சேர்த்து வைக்கிறார்கள். இதற்கு இருபது ஆண்டுக் கணக்கு பதிவேடுகளில் இருக்கிறது.

மேலுறை யோசனையை விட மனமில்லாதவர்கள் அதையே செராமிக்கில் செய்து பார்க்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான ஒன்றை 2017இல் முதன்முறையாக நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். பெண்களும் அதில் சேர்க்கப்படுகிறார்கள். கோபால்ட் இல்லாததால் அயனிப் பிரச்சினை இல்லை. செராமிக் உடையுமா, கீச்சிடுமா என்பதைப் பார்க்க வேண்டும். இதுவரை வந்த செய்திகள் நல்லவையாகவே இருக்கின்றன. அவை எல்லாமே ஆரம்ப முடிவுகள்.